காணாத நாட்டின் நாற்காலி

ஒரு நாட்டின் அழகை, அந்நாட்டைக் காணாமலே மரத்தில் செதுக்கிவிட இயலுமா? 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் சீனப் பாணியில் செய்த மகோகனி நாற்காலிகளை ஆராயும்போது நம்முள் எழும் வினா இதுவே.

லண்டன் தச்சர் தாமஸ் சிப்பெண்டேல் 1754-இல் மரச்சாமான் வடிவங்களின் நூலொன்றை வெளியிட்டார். அதில் சீன நாற்காலிகளும் இடம்பெற்றன. முதுகுப்பகுதியில் நேரும் சாய்வுமாய்க் கோக்கப்பட்ட மெல்லிய சட்டங்கள், பிரம்பு இருக்கை, மேலே தனி மெத்தை. சுவரில் 'இந்தியத் தாள்' ஒட்டிய சீமாட்டியரின் ஒப்பனை அறைக்கு இவை மிகப் பொருந்தும் என்றார் சிப்பெண்டேல். அத்தாளோ சீனத்தில் செய்யப்பட்டது! கிழக்கிந்தியக் கம்பெனி வழியே வந்ததால் அப்பெயர் பெற்றது. சீனம் எது, இந்தியா எது என்ற அக்கறை வாங்கியோர்க்கு இல்லை போலும்.

தொழில்திறனில் இந்நாற்காலிகள் முதல்தரமானவை என்பதை நாம் மறுக்கவில்லை. எளிதில் வளையாத உறுதியான மகோகனியன்றி அத்துணை மெல்லிய சட்டங்கள் ஓர் ஆளின் சாய்வைத் தாங்கியிரா. ஆனால், சீனத் தச்சர் பெரும்பாலும் சன்னலுக்கும் கைப்பிடிக்கும் பயன்படுத்திய பின்னலே இங்கு நாற்காலியின் முதுகில் ஏறியது. மரமோ ஜமைக்கா முதலிய இடங்களில் ஆப்பிரிக்க அடிமைகளால் வெட்டப்பட்டது. மெருகேறிய அம்மரத்தில் அவர்தம் வியர்வையின் சுவடு தெரிவதில்லை.

சீனத்தை நேரில் அறிந்தோர் அன்று இல்லாமலில்லை. பீக்கிங் அரசவையில் ஓவியராயிருந்த இயேசு சபைச் சகோதரர் அத்திரே, பேரரசரின் பூங்காக்களைப் பற்றி 1743-இல் எழுதிய மடல் 1752-இல் ஆங்கிலத்தில் வெளிவந்து, சீனக் கலைமீதான மோகத்தை வளர்த்தது. மடலைச் சுவைத்தோர் தம் இல்லங்களில் சீன அலங்காரம் செய்துகொண்டனர். எழுதியவரோ 1768-இல் பீக்கிங்கிலேயே உயிர்நீத்தார்.

அதே இங்கிலாந்திலிருந்து பின்னாளில் நம் கொல்லிமலைக்கு ஒருவர் வந்தார். வாழவந்தி நாட்டில் குடியேறிய ஜெஸ்ஸி பிராண்ட், சபையால் நம்மினின்று வேறுபட்டவர். மலைமக்களுக்கு மருத்துவமும் தச்சும் கற்பித்து, 1929-இல் காய்ச்சலால் மாண்டு, அம்மண்ணிலேயே அடக்கமானார். 1914-இல் பிறந்த அவர் மகன் பால் பிராண்ட் கட்டடத் தொழில் பயின்று, பின்னர் மருத்துவரானார். வேலூரில் தொழுநோயாளரின் முடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் இயங்கச்செய்து, அவற்றுக்குத் தச்சுக் கருவிகளையும் பழக்கினார். அக்கைகள் செய்தவை எந்த அருங்காட்சியகத்திலும் இல்லாதிருக்கலாம். எனினும், செய்தவர் யார் என்பதை அவர் அறிந்திருந்தார்.

நாமும் நம்மை வினவிக்கொள்வது நன்று. பங்கு விழா மேடையை மலைமக்களின் கூடையாலும் பறையாலும் அழகுபடுத்துகிறோம். பண்பாட்டுமயமாதல் என மகிழ்கிறோம். அக்கூடையை முடைந்தவரின் திண்ணையில் ஒரு நாளேனும் அமர்ந்து பேசியதுண்டா? இல்லையெனில், நாம் செய்ததும் சீனத்தைக் காணாத அந்த நாற்காலியே.