லைஃப் அண்ட் டெட் (ஆவணப்படம்): ஒரு விமர்சனம்

'லைஃப் அண்ட் டெட்' ஸ்டெஃபனி பிளாக் இயக்கி 2001இல் வெளிவந்த ஆவணப்படம். தலைப்புக்கு 'வாழ்வும் கடனும்' என்பது பொருள்; ஆங்கிலத்தில் 'வாழ்வும் சாவும்' என்பது போலவே காதில் விழும். 1962இல் விடுதலை பெற்ற ஜமைக்கா, எண்ணெய் விலை உயர்வால் அந்நியச் செலாவணி வற்றிப்போன நிலையில், 1977இல் பன்னாட்டு நாணய நிதியத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. அதன்பின் அந்நாட்டு உழவர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் என்ன நேர்ந்தது என்பதே படத்தின் பொருள்.

படத்தின் வலுவான பகுதி பால் பற்றியது. கடன் வழங்கிய நிறுவனங்களின் நிபந்தனைப்படி இறக்குமதி வரி குறைக்கப்படுகிறது. தத்தம் நாட்டில் அரசு மானியம் பெற்ற பால் பவுடர் மலிவாக வந்து குவிகிறது. கறந்த பாலை வாங்க ஆளின்றி ஜமைக்காப் பண்ணையாளர்கள் தரையில் கொட்டுகிறார்கள். 'மானியத்தை நிறுத்து, சந்தையைத் திற' என்ற விதி கடன் வாங்கியவருக்கு மட்டுமே என்பது இங்கே கண்ணெதிரே தெரிகிறது. பாடநூலில் பல பக்கம் பிடிக்கும் செய்தி இது. அப்போது நிதியத்தின் துணைத் தலைமைப் பொறுப்பில் இருந்த ஸ்டான்லி ஃபிஷரும் பேச இடம் பெறுகிறார். கிங்ஸ்டன் தடையற்ற வணிக வலயத்தின் தையல் தொழிலாளர்களும், ஐரோப்பா அளித்த வாழைப்பழச் சலுகைக்கு எதிராக 1997இல் உலக வணிக அமைப்பில் வந்த தீர்ப்பின் பின்னணியும் படத்தில் உண்டு.

குறை பின்னணி உரையில் இருக்கிறது. அது ஜமைக்கா கின்கெய்டின் 'எ ஸ்மால் பிளேஸ்' (1988) நூலைத் தழுவியது. எழுத்தாளரின் பெயர்தான் ஜமைக்கா. அவர் பிறந்ததும் இந்நூலில் எழுதியதும் ஆன்டிகுவா தீவைப் பற்றி. நூல் சுற்றுலாப் பயணியை நேரே விளித்துக் குற்றஞ்சாட்டுகிறது. அதே சினத்துடன் உள்ளூர் ஆட்சியாளர்களின் ஊழலையும் சாடுகிறது. படம் முதல் குற்றச்சாட்டை விரிவாக எடுத்துக்கொண்டு இரண்டாவதைப் பெரும்பாலும் கைவிட்டுவிடுகிறது. 1977 ஒப்பந்தத்தின்போது பிரதமராக இருந்த மைக்கேல் மான்லி படத்தில் முக்கியமான சாட்சி. 1989இல் மீண்டும் பதவிக்கு வந்தபோது சந்தைத் தாராளமயத்தை நடத்திச் சென்றவரும் அவரே. அதைப் பற்றி அவரைக் குறுக்குக் கேள்வி கேட்டிருந்தால் படம் வலுவிழந்திருக்காது; நிதியத்தின் மீதான குற்றச்சாட்டு இன்னும் நம்பகம் பெற்றிருக்கும்.

வகுப்பில் இதைப் பார்க்கும் மாணவர்கள் கின்கெய்டின் நூலையும் சேர்த்து வாசிக்கலாம். நூறு பக்கத்துக்கும் குறைவான சிறுநூல்தான்.