பூட்டன் ஒருவரே உழுத காடா?

கோவைப் பக்கம் இப்போது குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகம் என்றால் மலர் ஒன்றும் கூடவே வந்துவிடுகிறது. அதில் கூட்டத்தின், அதாவது குலப்பிரிவின், வரலாறு இருக்கும், காணியூர்ப் பெயர்கள் இருக்கும், கடைசியில் மடித்து ஒட்டிய வம்சாவளிப் படமும் இருக்கும். கூட்டத்தோடு நிற்காமல் தனிக் குடும்பங்களும் தங்கள் பூட்டன் கதையை அச்சிடத் தொடங்கிவிட்டன. கிரயப் பத்திரம், பாகப் பிரிவினை, கிஸ்தி ரசீது, அ-பதிவேட்டு நகல் எல்லாவற்றையும் கோத்து, காங்கேயம் பக்கமோ பல்லடம் பக்கமோ மேட்டாங்காடு உழுத ஒரு குடியானவரின் வாழ்க்கையை எழுதுகிறார்கள். இப்படிப்பட்ட புத்தகங்கள் பலவற்றை வாசித்திருக்கிறேன். பூட்டனைத் தவிர மற்றவர்கள் இதில் இல்லையே என்று எழுதியவர்களிடம் குறை சொன்னபோதெல்லாம் கிடைத்த பதில் ஒன்றுதான்: "ஆவணத்தில் இருப்பதைத்தானே எழுத முடியும்?" அந்தப் பதில் சரியில்லை என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

இந்த முயற்சியால் விளைந்த நன்மையை நான் மறுக்கவில்லை. புலவர் செ. இராசு போன்றவர்கள் ஊர் ஊராகத் தேடி அச்சேற்றியிராவிட்டால் கொங்கு நாட்டுச் செப்பேடுகளும் பட்டயங்களும் எத்தனையோ காணாமல் போயிருக்கும். வீட்டுப் பத்திரங்களைத் தேதி வாரியாக அடுக்கினால், வாய்வழிக் கதையில் மங்கிக் கிடந்த காலம் தெளிகிறது. தாது வருஷப் பஞ்சத்தில் காடு கைவிட்டுப் போன கதையை ஆத்தா சொல்லக் கேட்டவர், 1877ஆம் வருஷத்து அடமானப் பத்திரம் ஒன்றைக் கையில் எடுக்கும்போது, அந்தப் பஞ்சம் அவர் வீட்டுத் திண்ணையிலேயே வந்து உட்காருகிறது. வேலைக்காக வெளிநாடு போன பிள்ளைகள் சிட்டாவையும் அடங்கலையும் படிக்கக் கற்றுக்கொள்வதும் நல்லதுதான்.

ஆனால் இந்தக் காகிதங்கள் எதற்காக எழுதப்பட்டன என்பதை முதலில் யோசிக்க வேண்டும். 1799இல் திப்பு வீழ்ந்தபின் கோயமுத்தூர்ச் சீமை கம்பெனியின் கைக்குப் போனது. பின்பு வந்த ரயத்துவாரி முறையில் சர்க்கார் குடியானவரிடம் கேட்ட கேள்வி, இந்த நிலத்துக்கு வரி கட்டுவது யார் என்பது. அதற்குப் பதில் பட்டா. பதிவு அலுவலகம் கேட்டது, கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று. அதற்குப் பதில் பத்திரம். ஆகவே பூட்டன் நமக்குத் தென்படுவது அவர் வாங்கிய நாளில், அடகு வைத்த நாளில், பாகம் பிரித்த நாளில்தான். இடைப்பட்ட நாற்பது வருஷம் அவர் எப்படி வாழ்ந்தார், யாரோடு வாழ்ந்தார் என்று கேட்கச் சர்க்காருக்கு அவசியம் இருக்கவில்லை. 1871இல் நடந்த கணக்கெடுப்பும் தலைகளை எண்ணியதே தவிர, வீட்டுவாரிப் பெயர்ப் பட்டியலை நமக்கு விட்டுவைக்கவில்லை.

வேறு நாட்டில் இதே தேடலைச் செய்பவர் நிலை கொஞ்சம் வேறு. ஸ்காட்லாந்திலிருந்து கனடாவுக்குக் குடிபோன ஓர் உழவரின் பேரப்பிள்ளை, ஸ்காட்லாந்தில் 1855 முதல் உள்ள இறப்புப் பதிவில் தாயின் பிறந்தவீட்டுப் பெயரையும் பார்க்கலாம். கனடாவின் பழைய கணக்கெடுப்புத் தாளில் அந்த வீட்டில் தங்கியிருந்த வேலையாளின் பெயரையும் வயதையும்கூடப் பார்க்கலாம். அங்கும் குறை உண்டு. கனடாவின் 1872ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து டாலர் கட்டணத்துக்கு 160 ஏக்கர் கொடுத்த காகிதம், அந்த மண்ணில் அதற்கு முன்பு வாழ்ந்த பழங்குடிகளைப் பற்றிப் பேசாது. உடைமைக்காகப் பிறந்த ஆவணம் எந்த நாட்டிலும் உடையவரைத்தான் காட்டும். நம் ஆவணங்கள் இன்னும் குறுகலானவை. ஆகவே அவற்றை வைத்து எழுதுகிறவர் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். அந்த விழிப்பைத்தான் இந்தப் புத்தகங்களில் காணோம்.

எல்லாப் புத்தகங்களிலும் ஒரு சேதி வருகிறது: பூட்டன் பாறையில் கிணறு வெட்டினார், மாடு பூட்டிக் கவலை இறைத்தார், தன் உழைப்பால் காட்டைத் தோட்டம் ஆக்கினார். இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். கொங்குச் சீமையில் கடப்பாரையும் வெடிமருந்துமாகக் கிணற்றுக்குள் இறங்கிப் பாறை பிளந்தவர்களில் பெரும்பாலோர் போயர்கள். கவலைச் சாலின் அடியில் தண்ணீரை வாய்க்காலில் கொட்டும் தோல் தும்பியைத் தைத்துக் கொடுத்தவர்கள் மாதாரிகள். தும்பி கிழிந்தால் அன்று இறவை இல்லை. மாட்டைச் சரிவில் இறக்கியும் பின்னுக்கு ஏற்றியும் விடியற்காலம் தொட்டுக் கவலை ஓட்டியவர் பல தோட்டங்களில் பண்ணையாள். மண்வெட்டியோடு பாத்திக்குப் பாத்தி மடை திருப்பித் தண்ணீர் கட்டியவர்களில் வீட்டுப் பெண்கள் எத்தனை பேர்! பைக்காரா மின்சாரம் 1930களில் கோவைக்கு வந்து, பிறகு மோட்டார்கள் பெருகும் வரைக்கும் ஒரு தோட்டம் நனைய இத்தனை கைகள் வேண்டியிருந்தன. புத்தகத்தில் கை ஒன்றுதான் இருக்கிறது.

பூட்டன் உழைக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. அவரும் கோவணத்தோடு காட்டில் நின்றவர்தான். ஆனால் அவர் உழைப்பு மட்டும் சொத்தானது, மற்றவர் உழைப்பு கூலியாகவும் கடனாகவும் நின்றது ஏன் என்று எந்தக் குடும்பப் புத்தகமும் கேட்பதில்லை. திருப்பூர்ப் பனியன் தொழிலை ஆராய்ந்து ஷரத் சாரி 2004இல் ஒரு நூல் வெளியிட்டார். உழவுக் குடியிலிருந்து முதலாளியானவர்கள் தங்கள் உயர்வுக்குக் காரணமாக உழைப்பையே சொல்லும் பேச்சை அவர் அதில் அலசியிருக்கிறார். அந்தப் பேச்சுக்கு இப்போது வம்சாவளிப் புத்தகம் பத்திரச் சான்றும் சேர்த்துக் கொடுக்கிறது. கோவை மாவட்டக் கிராமங்களை 1981–82 முதல் பல முறை வந்து ஆராய்ந்த ஜூடித் ஹேயருக்கு, பண்ணையாட்களைச் சொல்லாமல் அங்கத்து விவசாயத்தைச் சொல்ல முடியவில்லை. சொந்த ஊர்க்காரர்களான நம்மால் மட்டும் எப்படி முடிகிறது?

வெளியாட்கள் இருக்கட்டும், வீட்டுப் பெண்களாவது இருக்கிறார்களா? வம்சாவளிப் படத்தில் ஆண் பெயருக்குக் கீழே ஆண் பெயர் இறங்கிக்கொண்டே போகிறது. மனைவி பல இடங்களில் இன்ன கூட்டத்துப் பெண் என்பதோடு சரி. மகள்கள் கட்டிக்கொடுத்ததும் மறைந்துவிடுகிறார்கள். நம் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு இணைச்சீர் செய்ய உடன்பிறந்தவள் வேண்டும். அவளைப் படத்தில் போட ஒரு கோடு கிடைக்கவில்லை. இத்தனைக்கும் ஆவணத்தில் அவள் இருக்கிறாள். எங்கே என்றால், விடுதலைப் பத்திரத்தில். 1989இல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத் திருத்தமும், 2005இல் நாடு முழுமைக்கும் வந்த திருத்தமும் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பங்கு கொடுத்தன. அந்தப் பங்கை அண்ணன் தம்பிகளுக்கு விட்டுக்கொடுத்து எத்தனையோ பெண்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நிலத்தை விட்டு நீங்கும் நாளில்தான் அவள் பெயர் முழுதாக எழுதப்படுகிறது. இதைவிட முக்கியமான குடும்ப ஆவணம் எது? ஆனால் எந்தப் புத்தகத்திலும் விடுதலைப் பத்திரத்தின் படத்தை நான் பார்த்ததில்லை. கணவனை இழந்த ஒருத்தி கொழுந்தனிடம் பாகம் கேட்டால் என்ன ஆகும் என்று ஆர். சண்முகசுந்தரம் 'நாகம்மாள்' நாவலில் 1942இலேயே எழுதிவிட்டார். கொங்கு வீடுகளில் நடந்த பங்குச் சண்டையைத் தெரிந்துகொள்ள இன்றைக்கும் நான் அந்த நாவலிடம்தான் போக வேண்டியிருக்கிறது. பத்திரக் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு எழுதிய வரலாறு அதைச் சொல்ல மறுக்கிறது.

ஆவணத்தில் இல்லை என்ற பதில் எனக்குப் பொய்த்துப்போனது எங்கள் வீட்டிலேயே. தகரப் பெட்டியில் பத்திரக் கட்டுக்கு அடியில், நீளவாக்கில் மடித்த கணக்கு நோட்டு ஒன்று கிடந்தது. அப்பாரு, அதாவது என் தாத்தா, எழுதியது. பக்கத்துக்கு ஓர் ஆள். மேலே பெயர் மட்டும், தகப்பன் பெயர் கிடையாது. கீழே முன்பணம், கம்பு இத்தனை வள்ளம், சோளம் இத்தனை வள்ளம், மகன் கல்யாணத்துக்குக் கொடுத்த ரூபாய், காய்ச்சலில் வேலைக்கு வராத நாள். ஒருவருடைய பெயர் பதினெட்டு வருஷம் தொடர்ந்து வருகிறது. அத்தனை வருஷமும் அவருடைய முன்பணம் தீரவேயில்லை. எங்கள் குடும்பப் புத்தகத்தைத் தொகுத்த சித்தப்பா மகன் அந்த நோட்டைப் பார்த்திருக்கிறான். ஏனப்பா இதைச் சேர்க்கவில்லை என்று கேட்டேன். "அதுல நம்ம குடும்பத்துப் பேரு ஒண்ணுமே இல்லீங்களேண்ணா" என்றான்.

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் அந்தச் சொல் என்னை விட்டுப் போகவில்லை. ஒவ்வொரு வரியும் அப்பாரு கைப்பட எழுதியது. அவர் யாருக்கு அளந்து போட்டார், யாரிடம் வேலை வாங்கினார், எதைக் கடனாக எழுதி வைத்தார் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அவர் வாழ்க்கைக்கு அதைவிட நெருங்கிய சான்று எங்கள் வீட்டில் வேறு இல்லை. கிரயப் பத்திரம் அவர் ஏறிய படியைக் காட்டுகிறது, அந்தப் படிக்குத் தோள் கொடுத்தவர்களை நோட்டு காட்டுகிறது. முதலாவதை வண்ணத்தில் அச்சிட்டு இரண்டாவதைப் பெட்டியிலேயே போட்டு மூடினால், அதன் பிறகு ஆவணத்தின் மேல் பழி போட நமக்கு உரிமை கிடையாது. தேர்ந்தெடுத்தது நாம். அப்படித் தேர்ந்தெடுத்து எழுதியதை வரலாறு என்று ஏற்க என்னால் முடியவில்லை. சொத்துப் பட்டியலுக்குப் பாடிய வாழ்த்து என்றே அதைச் சொல்வேன்.

பதினெட்டு வருஷம் எங்கள் தோட்டத்தில் கவலை ஓட்டியவரின் பேரன் அதே ஊரில்தான் இருக்கிறார். அவர்கள் வீட்டில் பத்திரக் கட்டு இல்லை, பழைய பட்டா இல்லை, கிஸ்தி ரசீதும் இல்லை. அவர் தன் தாத்தாவைத் தேடக் கிளம்பினால் போய் நிற்க வேண்டிய இடம் எங்கள் தகரப் பெட்டிதான். அவர் தாத்தாவுக்கு இருக்கும் எழுத்துச் சான்று அந்த நோட்டின் சில பக்கங்கள். அவற்றை நாங்கள் அச்சேற்றாமல் விட்டபோது எங்கள் கதையோடு அவர்கள் கதையும் அறுந்துபோனது. பூட்டனைத் தேடுகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். பெட்டியின் அடி வரைக்கும் போங்கள். ஆள் கணக்கு நோட்டு அகப்பட்டால் உங்கள் புத்தகத்தில் அதற்கு இடம் கொடுங்கள். அச்சுக்கு அனுப்பும் முன் அந்தப் பக்கங்களின் நகலை அவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போய்க் கொடுத்து, திண்ணையில் உட்கார்ந்து, அவர்களுக்குத் தெரிந்ததைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.