ஹௌ டு நேம் இட்? (இசைத்தொகுப்பு): ஒரு மறுமதிப்பீடு

ஹௌ டு நேம் இட்? (1986) இளையராஜா இசையமைத்த, திரைப்படம் சாராத கருவியிசைத் தொகுப்பு. 10 உருப்படிகள் கொண்டது. தியாகராஜருக்கும் (1767–1847) ஜெர்மானிய இசையமைப்பாளர் யோகான் செபஸ்தியான் பாக்குக்கும் (1685–1750) காணிக்கையாக்கப்பட்டது. தனி வயலின் வாசித்தவர் வி.எஸ். நரசிம்மன். 'இதற்கு என்ன பெயர் சூட்டுவது?' என்பது தலைப்பின் பொருள்.

கேட்கப்பட்ட சூழல்

1980-களில் கறம்பக்குடி, ஆலங்குடி, பட்டுக்கோட்டை போன்ற ஊர்களில் இசை என்பது பெரும்பாலும் மூன்று வழிகளில் வந்தது: கோயில் திருவிழா நாதஸ்வரம், மேடை மெல்லிசைக் குழு, ஒலிநாடா. சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் வேலைக்குச் சென்றவர்கள் டேப் ரெக்கார்டர் கொண்டுவந்தனர். பாடல்களின் பெயர்களைத் தாளில் எழுதிக் கொடுத்தால் 60 அல்லது 90 நிமிட நாடாவில் பதிந்து தரும் கடைகள் கடைத்தெருக்களில் இருந்தன. அதே 1986-இல் வெளிவந்த விக்ரம், புன்னகை மன்னன் படங்களின் பாடல்களில் இளையராஜா மின்னணு ஒலிகளைப் பெருமளவில் பயன்படுத்தியிருந்தார். இளைஞர்கள் அந்தப் புதிய ஒலியில் மயங்கியிருந்த காலம் அது. பாடகர் இல்லை, சொல் இல்லை, உருப்படிகளின் பெயர்கள் எல்லாம் ஆங்கிலம் என்றிருந்த இத்தொகுப்பும் அவர்களிடம் சென்று சேர்ந்தது வியப்புக்குரியது.

அதற்குக் காரணம் உண்டு. இளையராஜாவின் திரைப்பாடல்களில் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வரும் இடையிசை, பத்தாண்டுகளாக இந்த வட்டாரக் காதுகளைப் பழக்கியிருந்தது. ஒரே நேரத்தில் இரண்டு, மூன்று மெட்டுகள் பின்னி ஓடுவதைச் சபா இருக்கைகளில் அமராதவர்களும் தேநீர்க்கடை ஒலிபெருக்கியில் கேட்டிருந்தனர். தஞ்சாவூருக்குத் தெற்கே, திருவையாற்றிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத பகுதி என்றாலும், இங்குள்ள பலருக்குத் தியாகராஜரிடம் வழிகாட்டியதும் திரையிசைதான். பாக்கின் பெயரோ பெரும்பாலோருக்கு இத்தொகுப்பின் வழியாகவே அறிமுகமானது.

இரு வகை உருப்படிகள்

அன்று ஒரே வியப்பாகக் கேட்ட இத்தொகுப்பு, இன்று திரும்பக் கேட்கையில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பகுதி நீட்டப்பட்ட இடையிசை. டிரம்ஸும் பாஸ் கிட்டாரும் சேரும் இடங்களில் ஓர் எண்ணம் தோன்றி, வளருமுன் அடுத்தது வந்துவிடுகிறது. திரைப்பாடலில் அரை நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டிய பழக்கம் இங்கும் தொடர்கிறது. திரும்பிச் செல்லப் பல்லவி இல்லாததால் அந்த அவசரம் கூடுதலாகவே தெரிகிறது. இளமையில் அதிகம் விரும்பப்பட்டவை இப்பகுதிகளே. அவற்றின் தாள ஒலி அக்காலப் பதிவுக்கூடத்தின் அடையாளமாக நின்றுவிட்டது.

மற்றொரு பகுதி வேறு தரத்தது. 'மேட் மோட் மூட் ஃபியூக்' அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஃபியூக் என்பது ஐரோப்பிய இசை வடிவம். ஒரு குரல் தொடங்கிய கருப்பொருளை, அது ஓய்வதற்கு முன்பே இன்னொரு குரல் வேறு சுருதியில் எடுத்துக்கொள்ளும். முதற்குரல் நிற்காமல் எதிர்மெட்டாகத் தொடரும். நம் பின்பாட்டு இப்படிப்பட்டதன்று. அதில் பின்னால் வருபவர் முன்னால் சென்றவரின் வழியிலேயே நடப்பார். ஃபியூக்கில் ஒவ்வொரு குரலுக்கும் தனி வழி உண்டு, எல்லாம் மோதாமல் செல்லவும் வேண்டும். இதில் அவசரத்துக்கு இடமில்லை. எடுத்த கருப்பொருளை இறுதிவரை காப்பாற்றியாக வேண்டும். தொகுப்பில் இளையராஜா தன்னைத் தானே கட்டிப்போட்டுக்கொள்ளும் இடங்களே வலுவானவை.

கமகமும் எதிர்மெட்டும்

இராகம் கமகத்தால் உயிர் பெறுவது. பல குரல்கள் ஒன்றாக ஒலிக்கும் இசைக்கோ ஒவ்வொரு சுரமும் அசையாமல் நிற்க வேண்டும். எல்லாக் குரலும் அசைந்தால் இசைவு குலையும். இந்தச் சிக்கலுக்கு இளையராஜா கண்ட வழி வேலைப் பிரிவினை. வயலின் கூட்டம் நேர்ச்சுரத்தில் நிற்கிறது, தனி வயலின் மட்டும் கமகத்தோடு நெளிந்து செல்கிறது. இரண்டு மரபிலும் கை பழகிய நரசிம்மன் இல்லாமல் இது நடந்திருக்காது. தொகுப்பைப் பேசுவோர் இசையமைப்பாளரோடு நிறுத்திக்கொள்வது நியாயமன்று. இத்தீர்வு முழுமையானதும் அன்று: கூட்டம் ஓங்கும் இடங்களில் இராகம் வெறும் சுர வரிசையாக மெலிந்துவிடுகிறது.

பாக்கின் முன்னிசை

'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' (பாக்கை என் வீட்டில் சந்தித்தேன்) தனி வயலினுக்காகப் பாக் எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டாவின் முன்னிசையை எடுத்துக்கொண்டு, அதன்மேல் வேறு வரிகளைச் சேர்க்கிறது. பாக்கின் கையெழுத்துப் படி 1720-ஆம் ஆண்டைத் தாங்கியது. தனிக்கருவிக்காக எழுதியதன்மேல் கைவைக்கலாமா என்ற கேள்விக்குப் பாக்கே விடை சொல்லியிருக்கிறார். 1731-இல் இதே முன்னிசையை ஆர்கனுக்கும் வாத்தியக் குழுவுக்குமாக மாற்றித் தம் தேவாலயப் படைப்பு ஒன்றின் தொடக்கத்தில் வைத்தார். 19-ஆம் நூற்றாண்டில் ஷூமன் பாக்கின் தனி வயலின் படைப்புகளுக்குப் பியானோ பக்கவாத்தியம் எழுதினார். ஆகவே சேர்த்தது குற்றமன்று. குறை வேறிடத்தில் இருக்கிறது. சந்திப்பு என்று பெயர்; பேசுவது பெரும்பாலும் விருந்தினர். வீட்டுக்காரர் நடுநடுவே சொல் சேர்க்கிறார். அடுத்து வரும் 'அண்ட் வி ஹேட் எ டாக்' (நாங்கள் பேசினோம்) அந்தக் குறையைத் தீர்க்கும் நோக்கில் அமைந்ததாகவே தோன்றுகிறது.

தொடர்ச்சி

1988-இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலுடன் நத்திங் பட் விண்ட் வெளிவந்தது. பாலு மகேந்திரா வீடு (1988) திரைப்படத்தில் ஹௌ டு நேம் இட்? இசையைப் பயன்படுத்தினார். அதனால் தொகுப்பு புதிய கேட்பாளர்களைப் பெற்றது. ஆயினும் படம் பார்த்த பலரால் அந்த வயலினை முடிவுறாத வீட்டின் துயரத்திலிருந்து பிரித்துக் கேட்க முடிவதில்லை. நரசிம்மன் பின்னர் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட் என்ற நால்வர் குழுவை அமைத்து, கீர்த்தனைகளை மேற்கத்திய இசைவுடன் வாசித்துவருகிறார். டிரம்ஸ் இல்லாத அந்த நான்கு கருவிகளில்தான் 1986-இன் சோதனை கூடுதல் தெளிவு பெற்றது.

முதன்முறை கேட்கும் மாணவர்கள் தலைப்பு உருப்படியை விட்டு 'மேட் மோட் மூட் ஃபியூக்'கில் தொடங்கலாம். முதல் முறை மேற்குரலை மட்டும் பின்தொடர்ந்து, இரண்டாம் முறை கீழ்க்குரலை மட்டும் கேட்பது உதவும்.