அச்சத்தின் தோற்றுவாய்: ‘ஹலோவீன்’ படத்தின் முதற்காட்சி

அச்சம் என்னும் மெய்ப்பாடு அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கின்வழிப் பிறக்கும் என்பது தொல்காப்பியர் கருத்து. திகிற்படங்கள் பலவும் இவற்றுள் ஒன்றைக் கண்முன் நிறுத்தியே அச்சுறுத்த முயல்வன. ஜோன் கார்ப்பென்ரர் நெறிப்படுத்தி 1978ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஹலோவீன்’ என்னும் அமெரிக்கப் படமோ, அஞ்சத்தக்கதை மறைத்தே அச்சத்தை வளர்க்கின்றது. அதன் முதற்காட்சியே இதற்குச் சான்றாகும்.

1963ஆம் ஆண்டு, சிறுவர் மாறுவேடம் பூண்டு திரியும் ஹலோவீன் இரவு. கமரா வீடொன்றை மெல்ல அணுகிச் சாளரத்தின் ஊடே இளம் பெண்ணொருத்தியையும் அவள் காதலனையும் நோக்குகின்றது. பின்புறமாகச் சமையலறை புகுகின்றது. ஒரு கை கத்தியை எடுக்கின்றது. இதுவரை கண்டது கொலைஞனின் பார்வை என்பது அப்போதே தெளிவாகின்றது. ஏறத்தாழ நான்கு நிமிடம் இடைமுறிவின்றி ஓடுவதுபோல் இக்காட்சி அமைந்தமையால், பார்ப்போர்க்கு அப்பார்வையினின்று விலக வழியில்லை. முகமூடி அணிந்ததும் காட்சி இரு கண்டுளைகளாகச் சுருங்குகின்றது.

கண் சுருங்கச் செவி கூர்மையடைகின்றது. முகமூடிக்குள் ஒலிக்கும் மூச்சு, பார்ப்போனின் மூச்சோ என மயங்கவைக்கின்றது. மேன்மாடத்து விளக்கணையும் கணத்திற் கூரிய ஒலியொன்று எழுகின்றது. இசையின்றிப் படத்தைப் பார்த்த திரைப்பட நிறுவன அலுவலர் ஒருவர் சிறிதும் அஞ்சவில்லை என்று, இசையையும் தாமே அமைத்த கார்ப்பென்ரர் கூறியுள்ளார். ஒலியின் பங்கினை உணர்த்த இதுவே போதும்.

இறுதியிற் பெற்றோர் வந்து முகமூடியைக் கழற்றுகின்றனர். கொலைஞன் ஆறு வயதுச் சிறுவன். கொலையுண்டவள் அவன் தமக்கை. அவ்வாறாயின், கமரா வளர்ந்தோர் உயரத்தில் நகர்ந்தது ஏமாற்றன்றோ எனின், ஏமாற்றே. ஆயினும், தீமை வளர்ந்தோரிடத்தே உறையும் என்ற எண்ணம் பார்ப்போர் தாமே கொண்டுவந்தது. கமரா அதனைப் பயன்கொண்டது. மேலும், அச்சிறுவனின் கண்ணை விட்டு நீங்கி, அவனையே எதிர்நின்று காட்டி, காரணம் எதுவும் கூறாது மேலெழுந்து விலகுகின்றது. கொலைஞனோடு ஒன்றிநின்றோர் தாம் எவனோடு நின்றனர் என்பதை அங்கே காண்கின்றனர்.

1980ஆம் ஆண்டின் ‘ஃபிரைடே த தேர்ட்டீன்த்’ தன் முதற்காட்சியில் இவ்வுத்தியைக் கடன்கொண்டது. கொலைஞனின் முகத்தை அங்கே காட்டிற்றில்லை. கண்ணை இரவல் பெறுதல் எளிது. அக்கண்ணுக்குரியோனைக் காட்டுவதிலேயே கலைஞனின் பொறுப்புத் தொடங்குகின்றது.