பாம்புப் பெட்டியும் அதன் ஓட்டைகளும்

கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடியில் இருப்பவருக்குப் பாம்பு வளர்க்கும் ஆசை வந்தால் மீன்தொட்டிதான் முதலில் கண்ணில் படும். கண்ணாடித் தொட்டி, மேலே ஒரு மூடி, மூடிக்குப் பாரமாக இரண்டு தடித்த புத்தகம். இந்த ஏற்பாட்டை எடுத்த எடுப்பிலேயே தள்ளிவிடலாம். மீன் மூடியை நெம்பாது. பாம்போ மூலையில் உடம்பை ஊன்றி எழுந்து, மூடியின் விளிம்பை மூக்கால் இரவு முழுக்கத் தள்ளிப் பார்க்கும். தலை நுழைந்தால் உடம்பும் நுழையும். 2009 யூலையில் புளோரிடாவில் இரண்டு வயதுக் குழந்தையைக் கொன்ற பர்மிய மலைப்பாம்பு, போர்வையால் மூடிக் கட்டிய தொட்டியிலிருந்துதான் வந்தது.

மூடிக்குப் பூட்டுப் போட்டால் சரியா? சுவீடனில் நடந்ததைப் பாருங்கள். 2022 ஒக்டோபரில் ஸ்டொக்ஹோமின் ஸ்கான்சன் பூங்காவுக்கு வந்த ராஜநாகம் ஒன்று, சில நாட்களிலேயே கூட்டின் கூரையிலிருந்த விளக்குப் பொருத்தி வழியே போய்விட்டது. கதவில் ஒரு குறையும் இல்லை. முன்பிருந்த மின்குமிழ் சுட்டதால் அந்த இடுக்கைப் பாம்புகள் நெருங்கவில்லை; மின்சாரம் மிச்சம் பிடிக்கும் குமிழை மாட்டியதும் இடுக்கு குளிர்ந்து வழியாகிவிட்டது. கனடாவின் கம்பெல்டனில் 2013 ஓகஸ்டில் இரண்டு சிறுவர்களைக் கொன்ற ஆபிரிக்க மலைப்பாம்பும் காற்றுக்குழாய் வழியே வந்ததுதான். உரிமையாளர் குற்றவாளி அல்ல என்று 2016இல் நடுவர் குழு விடுவித்தது. அந்தத் தீர்ப்பில் எனக்குக் கருத்தில்லை. அந்தக் குழாயை ஒரு வழியாக யாரும் கணக்கில் எடுக்காததுதான் எனக்கு முக்கியம்.

ஆக, பெட்டியை எடைபோட வேண்டியது அதன் ஓட்டைகளை எண்ணித்தான். இங்கே கொழும்புக்கு ஒரு வசதி உண்டு. குளிர்நாட்டு வடிவங்களை அப்படியே பிரதி பண்ணுவோர் இதைக் கவனிப்பதில்லை. அங்கே விளக்கு, வயர், விசிறி என்று பெட்டியில் துளைபோட வைப்பதெல்லாம் பெரும்பாலும் சூட்டுக்காக. போல் பைதன் (ball python) என்ற வளர்ப்புப் பாம்புக்குச் சூடான மூலை 32 பாகையளவில் இருந்தால் போதும். நம் அறைகளோ பகலில் 30ஐ எட்டிவிடுகின்றன. மிச்ச இரண்டு பாகைக்குப் பெட்டியின் வெளிப்புறம் ஒட்டும் சூட்டுத் தகடும், அது அளவு மீறாமல் பார்க்கும் வெப்பக்கட்டுப்பாட்டுக் கருவியும் போதும். உள்ளே ஒரு வயரும் போகத் தேவையில்லை. குளிரூட்டி ஓடும் அறைக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. யன்னல் வெயில் நேரே விழும் இடமும் ஆகாது, கண்ணாடிப் பெட்டி அடுப்பாகிவிடும்.

தப்பவிடாத பெட்டி என்றால் என் மனதில் முதலில் நிற்பது ஒரு மண்பானை. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நாகத்தையும் விரியனையும் பானையில்தான் வைக்கிறது. அடியில் மணல், வாயில் இறுக்கிக் கட்டிய பருத்தித் துணி. துணி காற்றை விடும், மூக்கைப் புண்ணாக்காது, முடிச்சைப் பாம்பு அவிழ்க்காது. கடைக் கம்பிவலை காற்றை விட்டாலும் மற்ற இரண்டிலும் தோற்கும். போதாததற்கு வெள்ளவத்தைக் கடற்காற்றில் துருவும் பிடிக்கும். ஆனால் இருளர் பாம்பை வைத்திருப்பது சில வாரங்கள்தான். நஞ்சு எடுத்து முடிந்ததும் காட்டில் விட்டுவிடுவார்கள். பல வருடம் வாழும் வளர்ப்புப் பாம்புக்குப் பானை சிறைதான். அடுக்கடுக்காக இழுக்கும் பிளாஸ்ரிக் பெட்டிகளைப் பற்றியும் இதையே சொல்வேன்: ஓட்டை குறைவு, காவல் பலம், ஆனால் பாம்பு உடம்பை நீட்டிக் கிடக்க இடமில்லை. மரப்பெட்டி மழைக்காலத்தில் ஊதி, வெயிலில் சுருங்கி, நகரும் கண்ணாடிகளின் நடுவே இடுக்கு விடும்.

எனவே என் தெரிவு: அலுமினியச் சட்டம், முன்புறம் திறக்கும் ஒரே கண்ணாடிக் கதவு, சாவிப் பூட்டு, பாம்பின் தலையில் பாதிகூட நுழையாத காற்றுத் துளைகள். கொளுக்கி வேண்டாம், அதைப் போட மறந்தாலும் போட்டதுபோலவே தெரியும்.

பெட்டி மட்டும் போதாது. ஸ்கான்சனில் ராஜநாகம் கூட்டை விட்டாலும் கட்டடத்தை விடவில்லை. ஒரு வாரத்தில் தானே திரும்பியது. இரண்டாவது சுவர் என்பது இதுதான். வெள்ளவத்தைத் தொடர்மாடியில் ஓர் அறையை அப்படி ஆக்கலாம்: கதவடியில் றப்பர்ப் பட்டி, யன்னலுக்கு வலை, இணைந்த குளியலறையின் தரைத் துவாரத்துக்குத் திருகி மூடும் தட்டு. கொட்டாஞ்சேனையில் ஒரே ஓட்டுக்கூரையைப் பல குடும்பங்கள் பங்குபோடும் வரிசை வீட்டில் இது நடக்காத காரியம். அங்கே எவ்வளவு நல்ல பெட்டிக்கும் நான் சம்மதிக்க மாட்டேன். நம் ஊர் மலைப்பாம்பான வெங்கணாந்திக்கோ எந்த வீட்டிலும் இடமில்லை. சட்டம் அதைக் காக்கிறது. வெளிநாட்டுப் பாம்பானால் அனுமதிப் பத்திரத்தையும் காட்ட வேண்டும், இரவில் பூட்டைப் பார்ப்பது யார் என்ற கேள்விக்கு ஒரு பெயரும் சொல்ல வேண்டும். "வீட்டில் யாராவது பார்ப்பார்கள்" என்பவரின் பெட்டியை நான் திறந்துகூடப் பார்க்கமாட்டேன்.