கடப்பாரையும் மூன்று குழாய்களும்

வீட்டுப் பட்டறைக்குப் பழைய வார்ப்பிரும்பு இழைப்பு மெஷின் வந்து இறங்குவது எனக்குச் சலிக்காத காட்சி. எடை 300 கிலோ இருக்கும்; நகர்த்துவதோ இரண்டே பேர். ஐந்தடிக் கடப்பாரையின் நுனியிலிருந்து அரையடி தள்ளி மரக்கட்டையை முட்டுக் கொடுக்கிறார்கள். மறுபக்கம் நாலரை அடி மிச்சம். ஒரு ஓரத்தை மட்டும் எழுப்பத் தேவைப்படும் 150 கிலோ, கைக்கு ஏறக்குறைய 17 கிலோவாகிவிடுகிறது. எழும்பிய இடுக்கில் இரும்புக் குழாய்கள் நுழைகின்றன. பின்னால் விடுபடும் குழாயை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டே போனால் மெஷின் உருண்டு வரும். அவசரம் மட்டும் ஆகாது. சாய்ந்தால் தாங்கப் போகாமல் விலகிவிட வேண்டும்.

இவ்வளவு பாடும் அந்தக் கனத்துக்காகத்தான். கனம் இருந்தால் அதிர்வு குறையும். தேக்குப் பலகை அலையடிக்காமல் இழைபடும்.

பிறகு அந்தப் பலகையை மேஜையாக்குவது நுட்பமான வேலை. மரம் நீளவாக்கில் அநேகமாக அசையாது; குறுக்குவாக்கில் மழைக்காலத்தில் உப்பும், கோடையில் சுருங்கும். அதனால் மேஜைப் பலகையை நல்ல தச்சர் சட்டத்தோடு இறுக்கிவிட மாட்டார். நீள்துளையில் திருகாணி போட்டு, நகர இடம் விடுவார். காலும் சட்டமும் சேருமிடத்தில் துளையும் கழுந்தும். கையால் அழுத்தினால் பாதி போய், மிச்சம் கொட்டாப்புளியின் இரண்டு தட்டில் உட்கார வேண்டும். அந்தப் பொருத்தத்துக்கு ஈடான அழகு எந்தப் பாலிஷிலும் இல்லை.

அடுத்த முறை மேஜை வாங்கப் போனால், குனிந்து அடிப்பக்கத்தையும் பாருங்கள்.