அரை நட்சத்திர வித்தியாசம்

ஒரே படம், ஒரே பத்திரிகையாளர் காட்சி. பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பார்த்த இருவரில் ஒருவர், 'தவறவிடக் கூடாத படம்' என்று எழுதுகிறார். மற்றவருக்கு அது இரண்டரை மணி நேரச் சோதனை. படித்த வாசகர் குழம்புகிறார், தயாரிப்பாளர் கொதிக்கிறார், ரசிகர் மன்றத்துக்கு ஒரு வாரத்துக்கு வேலை கிடைக்கிறது. இரண்டு பேரில் எவரோ ஒருவர் காசு வாங்கிவிட்டார் என்று டீக்கடை பெஞ்சு தீர்ப்புச் சொல்லிவிடுகிறது.

இந்தத் தீர்ப்பு பல நேரங்களில் அவசரத் தீர்ப்பு. ஒரு படத்தைப் பற்றி இரண்டு பத்திரிகைகள் முட்டிக்கொள்வதில் தவறே இல்லை. தமிழில் திரை விமர்சனம் பிறந்ததே அப்படி முட்டிக்கொண்டுதான். அன்று ஒருவர் ஒரு படத்தை ஏன் வெறுத்தார் என்பது அவர் எழுத்திலேயே தெரிந்தது. இன்று மூன்று நட்சத்திரத்துக்கும் மூன்றரை நட்சத்திரத்துக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

1935-இல் 'பக்த நந்தனார்' வெளிவந்தது. கே.பி.சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் என்பதே அன்றைக்கு ஊர்ப் பேச்சு. ஆனந்த விகடனில் கல்கி எழுதிய விமர்சனத்தில் நடிப்புக்கான பாராட்டு எருமைக்கும் பனைமரத்துக்கும் போனது! கொடுமையான கிண்டல்தான். ஆனால் அதைப் படித்தவருக்கு எழுதியவர் யார் என்று தெரியும். 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் கச்சேரிகளை அலசியவர், இசையிலும் நாட்டியத்திலும் தோய்ந்தவர், சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர், நையாண்டி என்றால் பேனா தானாக ஓடும். இவ்வளவும் தெரிந்த வாசகர், கல்கியின் சொல்லில் எத்தனை அணா படத்துக்கு, எத்தனை அணா கிண்டலுக்கு என்று தானே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

'பராசக்தி' கதை இன்னும் சுவையானது. 1952 தீபாவளிக்கு வந்த படம். திராவிட இயக்கத்தார் அதைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். எதிர்த்தரப்பார் தடை கேட்டார்கள். தினமணி கதிர் 'பரப்பிரம்மம்' என்று தலைப்பிட்டு, அட்டையில் மு.கருணாநிதியின் கேலிச்சித்திரத்தைப் போட்டு, படத்தைக் கிழித்தது. கருணாநிதி சும்மா இருப்பாரா? அதே 'பரப்பிரம்மம்' என்ற பெயரில் ஒரு நாடகம் எழுதி ஊர் ஊராக மேடையேற்றி, கட்சிக்கு நிதி திரட்டிவிட்டார். திட்டி எழுதிய விமர்சனத்தை வைத்து வசூல் செய்த கெட்டிக்காரத்தனம் வேறு யாருக்கு வாய்த்தது என்று தெரியவில்லை. அந்தச் சண்டையில் நடுநிலை என்ற பாவனை எந்தப் பக்கமும் இல்லை. கோயில் காட்சியைப் பார்த்து ஒருவர் ஏன் கொதித்தார், இன்னொருவர் ஏன் கைதட்டினார் என்பதற்கான காரணம் இரண்டு தரப்பிலும் எழுத்தில் கிடந்தது. படத்தோடு சேர்த்து அன்றைய தமிழ்நாட்டையும் அந்த எழுத்துகளில் இன்று படிக்க முடிகிறது.

பிறகு மதிப்பெண் வந்தது.

ஆனந்த விகடன் படங்களுக்கு நூற்றுக்கு இவ்வளவு என்று மார்க் போட்டது தமிழ் வாசகரின் மனதில் ஆழமாகப் பதிந்துபோன பழக்கம். 1977-இல் 'பதினாறு வயதினிலே' படத்துக்கு அது கொடுத்தது 62½. அதை மிஞ்ச முடியாத உச்சம் என்று பல பத்தாண்டுகளாகத் திரையுலகம் பேசிவந்திருக்கிறது. மறு வருடம் 'முள்ளும் மலரும்' 61 வாங்கியது. பள்ளிக்கூடத்தில் அறுபது எடுத்துவந்தால் தோலை உரிக்கும் அப்பாக்கள், விகடனில் ஒரு படம் அறுபது வாங்கியது என்றால் குடும்பத்தோடு கிளம்பினார்கள். பெருவாரியான படங்கள் நாற்பதை ஒட்டியே நின்ற கஞ்சத்தனம்தான் அந்த அறுபதுக்கு மதிப்பைக் கொடுத்தது. இந்த முறையின் பலம் அதுவே. பெரிய நட்சத்திரமும் புதுமுகமும் ஒரே அளவுகோலுக்குள் வந்தார்கள். போஸ்டர் ஒட்டக் காசில்லாத படத்துக்கு ஒரு எண் போஸ்டராக நின்றது. 2015-இல் மணிகண்டனின் 'காக்கா முட்டை' போன்ற ஒரு படம், தெருவோரச் சிறுவர்கள் இருவரையும் ஒரு பீட்சாவையும் மட்டும் நம்பி திரையரங்குக்கு வந்தபோது, தேசிய விருதோடு பத்திரிகைகளின் ஒருமித்த பாராட்டும் அதற்குத் துணைநின்றது.

ஆனால் அந்த அரை மதிப்பெண் எதற்கு? 62 ஏன் போதவில்லை, 63 ஏன் அதிகம்? கேட்டால் சிரிப்பு வரும்; ஆனால் மொத்த முறையின் பலவீனமும் அந்த அரைக்குள் இருக்கிறது. எண் துல்லியமாகத் தோன்றுகிறது. துல்லியமாகத் தோன்றுவதால் விளக்கம் தேவைப்படாமல் போகிறது. போதாக்குறைக்குக் கையெழுத்தும் 'விமர்சனக் குழு' என்ற பொதுப்பெயரில். குழு என்றால் வெளி நெருக்கடியிலிருந்து பாதுகாப்பு உண்டு, ஒருவருடைய கோபதாபம் முழுக் கட்டுரையையும் ஆள்வதில்லை. இவை நியாயமான ஆதாயங்கள். இழப்பும் அங்கேதான். போன வாரம் பேய்ப்படத்தை ரசித்தவரும் இந்த வாரம் கிராமத்துப் படத்தைக் கடிந்தவரும் ஒரே ஆளா என்று வாசகருக்குத் தெரியாது. ஒருவருடைய ருசியைப் பழகி, 'இவருக்குப் பிடிக்காவிட்டால் எனக்குப் பிடிக்கும்' என்று சொல்லும் உரிமை வாசகருக்கு வேண்டும். குழுவிடம் அந்த உரிமை செல்லாது.

எண்ணை விட்டுவிட்டு எழுத்துக்கு வந்தால் இன்னொரு சங்கடம். நாளிதழ் விமர்சனத்தில் பாதி கதைச் சுருக்கம். மீதி, வருகைப் பதிவேடு: நாயகன் கச்சிதம், நாயகி வந்துபோகிறார், ஒளிப்பதிவு கைகொடுக்கிறது, பின்னணி இசை பலம், முதல் பாதி விறுவிறுப்பு, இரண்டாம் பாதி தொய்வு, கத்தரி போட்டிருக்கலாம். ஒளிப்பதிவு யாருக்கு, எந்தக் காட்சியில், எப்படிக் கைகொடுத்தது என்ற வரி மட்டும் வராது. தியடோர் பாஸ்கரன் போன்ற ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் குறை இது. நாடக மேடையிலிருந்து சினிமாவுக்கு வந்த சமூகம் படத்தைக் காதால் பார்க்கிறது. விமர்சகரும் வசனத்தையும் கதையையும் எடைபோட்டுவிட்டு எழுந்துவிடுகிறார்.

இந்தக் குறையைப் படம் எடுத்தே காட்டியவர் மகேந்திரன். சோவின் துக்ளக் இதழில் திரை விமர்சனம் எழுதிய அனுபவத்தோடு இயக்கத்துக்கு வந்தவர் அவர். 'முள்ளும் மலரும்' முடிந்தபோது, வசனமே இல்லாமல் எடுத்துவைத்திருக்கிறாரே என்று தயாரிப்பாளர் வேணு செட்டியார் கலங்கிப்போனாராம்; மகேந்திரனே பின்னாளில் சொன்ன சம்பவம் இது. முதல் சில வாரங்கள் மெதுவாக நகர்ந்த படம், பார்த்தவர்கள் சொல்லியும் பத்திரிகைகள் எழுதியும் கூட்டம் சேர்த்தது. அதே 1978-இல் தீபாவளியையொட்டி வந்த ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்' படத்துக்கு அந்த அதிர்ஷ்டம் உடனே வாய்க்கவில்லை. சென்னைக்கு வந்திருந்த வங்க இயக்குநர் மிருணாள் சென் பார்த்துப் பாராட்டிய பிறகே இங்கே பலர் திரும்பிப் பார்த்தார்கள். வெளியூர்க்காரர் ஒருவர் வந்து சொல்லும்வரை உள்ளூர்ப் பேனாக்கள் தயங்கிநின்றது பெருமைக்குரிய விஷயமல்ல.

சமகாலத்துக்கு வந்தால், உருப்படியாக முரண்பட்ட உதாரணமும் உண்டு. 2017-இல் மணிரத்னத்தின் 'காற்று வெளியிடை' வந்தபோது ஒரு சாரார் ரவிவர்மனின் ஒளிப்பதிவிலும் காதலின் குரூரத்தை எடுத்துக்கொண்ட துணிச்சலிலும் லயித்தார்கள். இன்னொரு சாரார், காதலியை அவமதித்துக்கொண்டே இருக்கும் விமானி வருணைப் படம் கடைசியில் எளிதாக மன்னித்துவிடுகிறது என்று பொருமினார்கள். இரண்டு தரப்பும் ஒரே காட்சிகளைச் சுட்டிக்காட்டித்தான் வாதாடின. படம் பிடித்ததோ இல்லையோ, அந்த வாதத்தைப் படித்தவர் இரண்டாவது முறை அதைப் பார்க்கும்போது வேறு கண்ணோடு பார்த்திருப்பார்.

ஆங்கிலப் பத்திரிகைகளில் இப்படிப்பட்ட எழுத்துக்குக் கூடுதல் இடமும் பெயரும் கிடைத்தன என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சிறந்த திரை விமர்சகருக்கான 2005-ஆம் ஆண்டின் தேசிய விருதைப் பெற்ற பரத்வாஜ் ரங்கன், மணிரத்னத்தோடு நிகழ்த்திய நீண்ட உரையாடலை 2012-இல் நூலாகவே கொண்டுவந்தார். அந்த நெருக்கம் தெரிந்தே வாசகர் அவரைப் படிக்கிறார். ஒத்துப்போகிறார் அல்லது சண்டை போடுகிறார். தமிழ் நாளிதழ் வாசகருக்கு அந்த வசதி அரிதாகவே கிடைக்கிறது.

எல்லோரும் ஒரே குரலில் பாராட்டினால் சிக்கல் தீர்ந்துவிடுமா? 2019-இல் தியாகராஜன் குமாரராஜாவின் 'சூப்பர் டீலக்ஸ்' படத்தைப் பெரும்பாலான விமர்சகர்கள் கொண்டாடினார்கள். ஷில்பாவாக நடித்த விஜய் சேதுபதிக்குத் தேசிய விருதும் கிடைத்தது. திருநங்கையர் பலரோ, அந்தப் பாத்திரத்தைக் குழந்தைக் கடத்தலோடு முடிச்சுப்போட்டதையும், ஒரு திருநங்கைக்குப் போயிருக்க வேண்டிய வேடம் ஆணுக்குப் போனதையும் கேள்வி கேட்டார்கள். விமர்சகர் வரிசையில் அந்த இடத்திலிருந்து பார்க்கும் கண் அரிதாக இருந்ததால், பத்திரிகைகளுக்குள் முரண்பாடும் பெரிதாக எழவில்லை. ஒருமித்த கருத்து சில நேரம் ஒரே மாதிரியான ஆட்கள் எழுதுகிறார்கள் என்பதற்கான அடையாளம்.

இதற்கெல்லாம் மேலே ஒரு நடைமுறைத் தர்மசங்கடம் உண்டு. 1958-இல் 'நாடோடி மன்னன்' படத்துக்குப் பிலிம் நியூஸ் ஆனந்தன் மக்கள் தொடர்பாளராக அமர்ந்ததிலிருந்து, பத்திரிகைக்கும் படக்கம்பெனிக்கும் நடுவே பி.ஆர்.ஓ. என்ற பாலம் இருக்கிறது. சிறப்புக் காட்சிக்கு அழைப்பு அவர் வழியாக வருகிறது. நட்சத்திரப் பேட்டியும் அவர் வழியாகத்தான். திங்கட்கிழமை நாயகனைப் பேட்டி எடுத்தவரே வெள்ளிக்கிழமை அவர் படத்தை எடைபோட வேண்டியிருக்கிறது. காசு கைமாறத் தேவையில்லை, தாட்சண்யம் போதும்.

திரையுலகம் கண்டுபிடித்த மருந்தோ வேறு. நடிகர் விஷால் தயாரிப்பாளர் சங்கத் தலைவராக இருந்த 2017-இல், முதல் மூன்று நாட்களுக்கு விமர்சனம் எழுதாதீர்கள் என்று வேண்டுகோள் விடுத்தார். 2024 நவம்பரில் 'கங்குவா' அடிவாங்கியதும், யூடியூப் விமர்சகர்களைத் திரையரங்க வளாகத்துக்குள் விடாதீர்கள் என்று சங்கம் கேட்டுக்கொண்டது. மூன்று நாள் தடை கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் ஒரு வழக்கு போனது. விமர்சனம் கருத்துச் சுதந்திரத்தில் அடங்கும் என்று சொல்லி, தடை விதிக்க நீதிமன்றம் டிசம்பரில் மறுத்தது. சரியான மறுப்பு. டிக்கெட் விற்பனைக்கு மூன்று நாள் காத்திருப்பு இல்லாதபோது கருத்துக்கு மட்டும் எதற்கு?

'கங்குவா' விவகாரத்தில் ஒரு வேடிக்கையும் நடந்தது. படத்துக்கு ஆதரவாக எழுதிய நாயகனின் மனைவி ஜோதிகா, முதல் அரை மணி நேரம் சரியாக அமையவில்லை, சத்தம் உறுத்துகிறது என்று குறிப்பாகச் சொன்னார். ஒலிக்கலைஞர் ரசூல் பூக்குட்டி, சத்தத்தைக் கூட்டும் போட்டியில் கைவினை சிக்கிக்கொண்டதாக வருந்தினார். 'காது கிழிகிறது' என்று பத்திரிகைகள் எழுதின. ஒலிக்கலவையில் எங்கே பிசகியது, அதற்கு இயக்குநர் காரணமா, அவசரம் காரணமா என்று விசாரிக்கப் பெரும்பாலும் யாரும் மெனக்கெடவில்லை. நாயகனின் மனைவி எழுதிய குறைப்பட்டியல் பல விமர்சனங்களைவிடத் தெளிவாக இருந்தது என்றால் அது யாருக்கு இழுக்கு?

பத்திரிகை ஆசிரியர்கள் செய்யக்கூடியது செலவில்லாத காரியம். எழுதியவர் பெயரைப் போடுங்கள். நட்சத்திரத்துக்கு ஒதுக்கும் இடத்தில் ஒரு காட்சியை விவரியுங்கள். அலுவலகத்துக்குள்ளேயே இருவர் முரண்பட்டால் இரண்டையும் அச்சிடுங்கள். வாசகர் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. அடுத்த வாரம் வரும் பெரிய படத்துக்கு இரண்டு நாளிதழ்களை வாங்கி, நட்சத்திரத்தை விரலால் மூடிக்கொண்டு இரண்டு விமர்சனங்களையும் படித்துப் பாருங்கள். எதற்கு மூன்று, எதற்கு மூன்றரை என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், அதை அப்படியே ஆசிரியருக்கு ஒரு கடிதமாக எழுதிப் போடுங்கள்.